இட்லிக் கடை போர்டில் சிட்டம்மாள்

ஒருவரைப் படம் போட வேண்டுமென்றால் போர்டு பெயின்டர் வேதகிரி முதலில் அவர் பின்னாலேயே நடப்பான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணை இடுக்கியபடி, உத்திரமேரூர் கடைத்தெரு முழுக்க மப்டி போலீஸ் மாதிரித் தொடர்வான். அப்புறம்தான் பிரஷ்ஷைத் தொடுவான். தொட்டாலும் போடுவது கொஞ்சம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தெடுப்பதுதான் அதிகம்.

எஸ்.டி.டி. பூத் வீராசாமிக்குக் கடை போர்டில் கிடைத்தது தோள்பக்கம் சாய்ந்த கழுத்தும் ஒரு காதும். மனுஷர் குதித்தார்.

“கண்ணு எங்கடா? மூக்கு எங்க?”

“கண்ணும் மூக்கும் அல்லாருக்கும் கீதுண்ணா. உங்கிட்ட மட்டும் இன்னா கீதோ அத்தப் போட்டுகீறேன்.”

வாலாஜாபாத் பஸ்ஸில் வந்திறங்கியவர்கள் போர்டைப் பார்த்ததுமே “அட, நம்ம வீராசாமி!” என்றார்கள். வேதகிரியைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அந்த மிதப்பெல்லாம் வீட்டு வாசல் வரைக்கும்தான். மனைவி சிட்டம்மாள் பஸ் ஸ்டாண்டு ஓரம் இட்லிக் கடை வைத்திருக்கிறாள்.

“ஊரு ஜனம் அத்தினியும் போர்டுல நிக்குது. என்னிய மட்டும் அடுப்பாண்ட வுட்டுட்ட. ஆயுத பூசைக்குள்ள என் கடையில என் படம் வரணும். வரல, உனுக்கு நாஷ்டாவும் கெடையாது, சோறும் கெடையாது.”

சோறு என்றதும் வேதகிரிக்குக் கொள்கை மறந்துபோனது. கண், மூக்கு, மூக்குத்தி, காதோரச் சுருள்முடி என ஒன்று விடாமல் போட்டான். மறுநாள் காலை பால்கார மணி செருப்பைக் கழற்றிவிட்டுப் போர்டின் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். சிட்டம்மாளின் சந்தேகம் வேறு.

“யோவ், யார்யா இவ? எந்த ஊர்க்காரி?”

போர்டுக்கு வெள்ளையடித்துவிட்டு, வேதகிரி பெண்டாட்டியின் பின்னால் நடக்கத் தொடங்கினான். கல்யாணமான நாளாக அவன் முன்னால், அவள் பின்னால் என்றுதான் வழக்கம். குழாயடிக்கும் மாவு மில்லுக்கும் அவன் தொடர்ந்து போனதைத் தெருவே வேடிக்கை பார்த்தது.

“இன்னாய்யா பேஜாரு இது? நீ முன்னால நட!” என்று குடமும் கையுமாக அவள் விரட்டினாள். வேதகிரிக்கு வெட்கமாகவும் துக்கமாகவும் இருந்தது. இத்தனை வருஷத்தில் இவளை ஒழுங்காகப் பார்த்ததேயில்லையே!

ஆயுத பூஜையன்று விடிந்ததும் போர்டு ஏறிவிட்டது. தோளிலிருந்து இறங்கி, முழங்கையில் மடங்கி, இடுப்பில் வந்து முடிகிற ஒரு கறுப்புக் கோடு. சரிந்த கொண்டைக்கு ஒரு தீற்றல். மறுபக்கம், தூக்கிய கரண்டி. வேறொன்றும் இல்லை.

சிட்டம்மாள் உள்ளேயிருந்து பாய்ந்து வந்தாள்.

“மூஞ்சி எங்கய்யா?”

இடது கை இடுப்பில். வலது கையில் கரண்டி. இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள், போர்டைப் பார்த்தார்கள். மணிதான் முதலில் சிரித்தான்.

“யக்கா, அப்புடியே நில்லு!”

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். வேதகிரி இட்லித் தட்டைப் பார்த்தான், ராத்திரியிலிருந்து பட்டினி.

“குந்து. இட்லி ஆறுது,” என்றாள் அவன் முகத்தைப் பாராமல். பிறகு போர்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, இடுப்பிலிருந்த கையைப் படத்தில் உள்ளது போலவே இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்துக்கொண்டாள்.