கூடைப்பந்தாட்டக்காரரின் கைராசி

டென்மார்க்கில் ஒரு கடை திறக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று என்னை நித்திரையால் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வணிகப் பதிவு, வரி அலுவலகம், உணவுப் பரிசோதகர், தீயணைப்புக்காரர் வந்து பின்கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பது. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் இலிகிதராகவும் இங்கே நகரசபையில் எழுத்தராகவும் இருந்து, இரண்டு அரசாங்கங்களின் ஒழுங்குகளையும் கரைத்துக் குடித்தவன் நான். ஆனால் எண்பதுகளின் நடுவில் வைலே நகரில் என் அறைத்தோழர் திறந்த கடையை மூடவைத்த ஒழுங்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.

கதை ஒரு கூடைப்பந்தாட்டக்காரரில் தொடங்குகிறது. அமெரிக்கக் கறுப்பர். உள்ளூர்க் கழகம் ஒன்று அவரைக் கூலி பேசிக் கொண்டுவந்திருந்தது. அகதிகளான எங்களுக்கு விளையாட்டு மண்டபத்தில் ஒதுக்கிய நேரத்தில், பயிற்சி முடிந்த பிறகும் நின்று எங்களோடு கதைப்பார். அவருடைய ஆங்கிலத்தை நான் மொழிபெயர்ப்பேன்.

அவர் விளையாடிச் சம்பாதித்ததைத் தன் நகரத்தில் கறுப்பர்கள் வாழும் பகுதிக்குக் கொண்டுபோய், பூட்டிக் கிடந்த கடையொன்றில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்களைப் போட்டிருந்தார். வங்கிகள் கடன் கொடுக்க மறுத்த தெரு அது. வேலைக்கு அந்தத் தெருவில் இருப்பவர்களைத்தான் எடுப்பார். ஒரு கடையில் வேலை பழகியவருக்கு அடுத்த கடையின் பொறுப்பைக் கொடுப்பார். இரண்டாவது கடையை நடத்தியவள் சிறையிலிருந்து வந்த ஒரு பெண். தன் முழங்கால் தேய்ந்துவருகிறது, விளையாட்டு முடிந்ததும் தன் ஊருக்குப் போய் முழுநேரமும் இதுதான் என்றார்.

எங்கள் சனம் வாய் பார்த்துக்கொண்டிருந்தது. பத்திரிகையில் வந்த அவருடைய படத்தை வெட்டிக் குசினிச் சுவரில் ஒட்டியவர்களும் உண்டு. எங்களுக்கும் இப்படி ஒருவர் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு எல்லோரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள்.

என் அறைத்தோழர் ஒருவரையும் பார்க்கவில்லை. மன்னாரில் லொறி ஓட்டியவர், கத்தோலிக்கர். இங்கே மீன் தொழிற்சாலையில் ஐஸுக்குள் கைவைத்து வைத்து விரல்கள் மடங்காமல் போயிருந்தன. அந்த வேலைக்கு இனிப் போகவேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வேறு வேலைக்கு அவரை எடுப்பாரும் இல்லை. அவருக்கு வந்தது ஆசையல்ல, வேறு வழியில்லாமை. "அண்ணை, கடை ஒண்டு போட என்னென்ன செய்யவேணும்?" என்று கேட்டார். செத்தல் மிளகாய்க்கும் அரிசிக்கும் யேர்மனியிலிருந்து வரும் வான் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. கடை ஓடும் என்றுதான் நானும் நம்பினேன். பதிவெல்லாம் நான் செய்தேன். இடம் மட்டும் கிடைக்கவில்லை. எங்கள் முகத்தைக் கண்டதும் வாடகைக்கு விட்டாயிற்று என்றார்கள். கடைசியில் ஆட்டக்காரர் எங்களோடு வந்தார். அவருடைய ஆட்டத்தைப் பார்த்திருந்த வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார். இதற்குக் கைமாறாக ஆட்டக்காரர் கேட்டது ஒன்றுதான்: திறக்கும் நாளில் முதல் சாமானைத் தான் வாங்கவேண்டும். தோழர் கைகொடுத்துச் சம்மதித்தார்.

புதுக்கடையில் முதல் வியாபாரம் கைராசிக்காரர் கையால்தான் நடக்கவேண்டும் என்பது எங்கள் வழக்கம். சைவம், கிறிஸ்தவ வேதம் என்ற பேதம் இதில் கிடையாது. எங்கள் சமய ஒற்றுமைக்கு இதைவிட நல்ல சான்று நான் கண்டதில்லை. அந்த வட்டாரத்துக் கைராசி, ஊரில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த பெரியவரிடம் இருந்ததாகத் தீர்மானிக்கப்பட்டிருந்தது. விசயம் கேள்விப்பட்டு அவர் நாலைந்து பேரோடு எங்கள் அறைக்கு வந்தார்.

"தம்பி, அவர் நல்ல மனிசன். ரிபன் வெட்டட்டும், மாலையும் போடுவம். முதல் வியாபாரத்தை மட்டும் விடியக் காலமை நான் வந்து செய்துபோட்டுப் போறன். ஆருக்குத் தெரியப்போகுது?"

"வாக்குக் குடுத்திட்டன், ஐயா."

"காப்பிலியின்ரை கையாலை தொடங்கின கடை உருப்படுமோ?" என்றாள் கூட வந்த பெண்ணொருத்தி. கறுப்பரை இழித்துச் சொல்ல நாங்கள் ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த சொல். பெரியவர் திரும்பி, அந்தச் சொல்லைப் பாவிக்கக்கூடாது என்று அவளைக் கண்டித்தார். சொல்லை மட்டும்தான் கண்டித்தார். இது எந்தச் சமயத்தின் விதி என்று நான் கேட்டேன். "கந்தோர் பதிவு விசயத்தை நீர் பாரும். இது வேறை" என்றார்.

அவர்கள் போனபின் தோழர் கனநேரம் விரல்களை உருவிக்கொண்டிருந்தார். "அண்ணை, அந்தாள் வீட்டுக்காரனிட்டை எனக்காகக் கதைக்கேக்கை, என்னை வெளியிலை நிக்கச் சொல்லேல்லை" என்றார்.

திறப்பு நாளில் நல்ல கூட்டம். ஸ்கீவ, சில்க்போர்க் போன்ற வேறு நகரங்களிலிருந்தும் வந்தார்கள். ஆட்டக்காரர் ஒரு தேயிலைப் பக்கற்றை எடுத்து, காசை மேசையில் வைத்தார். தோழர் இரண்டு கையாலும் வாங்கினார். பிறகு வடை, தேத்தண்ணி. ஆட்டக்காரரின் பக்கத்தில் நின்று படமெடுக்க ஆட்கள் முண்டியடித்தார்கள். பெரியவரும் எடுத்தார், அவருடைய தோளில் கைபோட எட்டாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. ஒருவரும் ஒரு சாமானும் வாங்கவில்லை.

அடுத்த கிழமைகளிலும் வந்தார்கள். விலை கேட்டார்கள், அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தார்கள், பிறகு வாறம் என்றார்கள். யேர்மன் வான் வரும் நாளில் அதே ஆட்களை வாகனத் தரிப்பிடத்தில் பைகளோடு கண்டேன். எந்தக் கையால் தொடங்கியது என்று தெரியும்தானே என்று கதை போனது. வாங்காமல் விட்டவர்களே வியாபாரம் இல்லை என்பதற்குக் காரணமும் கண்டுபிடித்திருந்தார்கள்.

அந்தப் பருவம் முடிந்து ஆட்டக்காரர் விடைபெற வந்தார். கடை எப்படிப் போகிறது என்று கேட்டார்.

"நல்லாப் போகுது எண்டு சொல்லுங்கோ, அண்ணை."

சொன்னேன். கடை நடத்தத் தெரிந்த அந்த மனிதர், குறையாமல் நிறைந்திருந்த தட்டுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். இன்னொரு தேயிலைப் பக்கற் வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு அமெரிக்காவில் அவருடைய கடைகள் பெருகின. ஒருநாள் டெனிஷ் தொலைக்காட்சியில் அவரைக் காட்டினார்கள். எங்கடை ஆள் வருகிறார், பாருங்கோ என்று வீட்டுக்கு வீடு தொலைபேசி எடுத்தார்கள்.

அதற்கு முன்பே தோழர் கடையை மூடிவிட்டார். மூடுவதற்கும் ஒழுங்கு உண்டு; அதையும் நானே செய்தேன். மிஞ்சிய சாமான்களை அரை விலைக்கு விடுவதாகக் கண்ணாடியில் எழுதி ஒட்டிய அன்று, விடியவே வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மத்தியானத்துக்குள் தட்டுகள் வெறுமையாகின. கடைசி அரிசி மூட்டையைப் பெரியவர் எடுத்தார். மூலையில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, இன்னும் குறைக்கலாம்தானே என்றார். தோழர் குறைத்தார். பிறகு, மடங்காத விரல்களால் மூட்டையை அணைத்துத் தூக்கிக்கொண்டுபோய் அவருடைய காரில் வைத்தார்.