அக்காவின் படிப்பும் அம்மாவின் சோறும்

பிள்ளைகளே, உங்கள் அக்கா டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள் என்றால், எந்த ஆஸ்பத்திரியில் ஊசி போடுவாள் என்று நாங்கள் வேலை செய்கிற உப்பளத்தில் கேட்கிறார்கள். அவள் படிப்பது ஆக்குபேஷனல் தெரபி. கை கால் வராமல் போனவர்கள் தாங்களாகவே சாப்பிட, குளிக்க, சட்டை போடப் பழக்குகிற படிப்பு. எட்டாவது வரை படித்த இந்த அப்பாவுக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

அவள் சேர்ந்த முதல் வருஷமே உங்கள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்தவள் அப்படியே பாத்தியில் சாய்ந்தாள். உயிர் தப்பியது. வலது கை இனி திரும்பாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் அப்போது சின்னப் பிள்ளைகள்.

அக்கா லீவு போட்டு வந்து ஊட்டிவிட்டாள். நான் ஊட்டினால் அம்மா நாலு வாய்க்கு மேல் வாங்கமாட்டாள். புருஷன் கையால் வாங்க வெட்கம். இடது கையால் சாப்பிடும்மா என்று அக்கா தினமும் கெஞ்சுவாள். கழுவுகிற கையில் சோறா என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இதற்குள் அவள் படிக்கிற கேம்பஸிலிருந்து போன் வந்தது. இனியும் வராவிட்டால் சீட்டு போய்விடுமாம்.

அக்கா அம்மாவையும் என்னையும் அங்கே கூட்டிப்போனாள். கேம்பஸுக்குள் வீடு மாதிரியே ஒரு அறை. அடுப்பு, கட்டில், குழாய் எல்லாம் உண்டு, குடியிருப்பவர் யாருமில்லை. நோயாளிகள் பழகுவதற்காம். அம்மாவை மேஜை முன்னால் உட்காரவைத்து, தடித்த பிடி போட்ட ஸ்பூனை இடது கையில் கொடுத்தாள். கூடப் படிக்கிறவர்கள் சுற்றி நின்றார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆண்டி, ட்ரை பண்ணுங்க என்றார்கள். அம்மா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

"இத்தினி பேரு பாக்கச்சொல்ல பீச்சாங்கையால துன்னுன்றியாடி? உன் படிப்புல மானம்னு ஒரு பாடம் இல்லியா?"

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து அக்கா என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நின்னுடறேன்ப்பா. ஊர்ல இருக்கிறவங்களுக்குச் சாப்பிட கத்துக் குடுக்க, எங்கம்மா பட்டினி கெடக்கணுமா?"

அம்மாவின் மூடிய இமை அசைந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் அக்கா சோற்றுத் தட்டோடு போனதும் அம்மா சொன்னாள்: "வச்சிட்டுப் போ. கதவைச் சாத்து. யாரும் எட்டிப் பாக்கக் கூடாது."

வெளியில் நின்றோம். தட்டு தரையில் உரசியது. டம்ளர் உருண்டது. அக்கா கதவில் கை வைத்தாள், நான் பிடித்துக்கொண்டேன். அம்மா கூப்பிட்டதும் திறந்தோம். சோறு தரையிலும் புடவையிலும் கிடந்தது. அம்மா அழுதிருந்தாள்.

"துன்னுட்டேன். போய் பஸ்ஸப் புடி," என்றாள்.

அக்கா படிக்கத் திரும்பிப் போய்விட்டாள். இப்போது அம்மா கீழே சிந்தாமல் சாப்பிடுகிறாள் என்று தட்டைப் பார்த்தால் தெரிகிறது. ஆனால் கல்யாண வீடு எதற்கும் வருவதில்லை. நம்மோடும் சாப்பிட உட்காருவதில்லை. லீவில் வரும்போதெல்லாம் அக்கா கதவுக்கு வெளியே நின்று, நான் கூட உட்காரட்டுமாம்மா என்று கேட்கிறாள். உள்ளே தட்டு நகரும் சத்தம்தான் வரும். பிள்ளைகளே, அம்மா சாப்பிடும் நேரத்தில் நீங்களும் கதவைத் தட்டாதீர்கள்.