அவர் மட்டும் ஏன் இவ்வளவு நேரம்?

மலேசியாவின் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையைச் சோதிக்கத் தொழிலாளர் இலாகா போனபோது, மொழிபெயர்க்க என்னையும் அழைத்துப் போனார்கள். அதற்கு முன்பு, தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்களுக்கு அவர்களுடைய சூப்பர்வைசரே மொழிபெயர்ப்பார். அப்பா ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் அவருக்காக மேற்பார்வை பார்த்த மண்டோர் பேசியது போலத்தான். அதை மாற்றத்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இலாகா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தபோது தலை நிமிர்ந்துதான் இருந்தது.

சூப்பர்வைசரும் தமிழர்தான். "வாம்மா, எந்தத் தோட்டத்துப் புள்ள? நானே கேட்டுச் சொல்லிருவேன் லா, உனக்கு எதுக்குச் சிரமம்?"

"பரவால்ல அண்ணே, நீங்க வெளிய இருங்க."

சிரித்தார். நாற்காலியைக் கதவுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

சாப்பாட்டு அறைக்குள் மலாய்க்காரப் பெண் அதிகாரியும் நானும் இருந்தோம். ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சம்பளம் சரியா? சரி மேடம். பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா? இருக்கு மேடம். வந்த வேகத்தில் போனார்கள்.

அடுத்து வந்தவர் உட்காரவே இல்லை. "நான் சொன்னா வெளிய இருக்கிற சூப்பர்வைசருக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாதுண்ணே." பயிற்சியில் சொல்லித் தந்த பதில்.

"காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு. ஊருக்குப் போகணும். எல்லார் பாஸ்போட்டும் அவருகிட்டதான் இருக்கு. போன மாசம் ஒருத்தன் கேட்டான். சாயங்காலமே வேன்ல ஏத்திட்டாங்க. எங்கன்னு தெரியல, போனும் போகல."

அதிகாரி கேட்கக் கேட்க, அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கதவுக் கண்ணாடி வழியே தற்செயலாகப் பார்த்தேன். சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே பேசியது யார் காதிலும் விழவில்லை. ஆனால் யார் நெடுநேரம் பேசினார் என்பது வெளியே எல்லோருக்கும் தெரியும். கதவைச் சாத்து, குரலைத் தாழ்த்து என்றெல்லாம் பயிற்சியில் சொன்னவர்கள் இதைச் சொல்லவில்லை.

அதை அதிகாரியிடம் மலாயில் சொன்னேன். அவர் முகம் மாறியது. இவரை இப்போதே கூட்டிப் போகத் தனக்கு அதிகாரம் இல்லை, மேலிடத்து உத்தரவு நாளைதான் கிடைக்கும் என்றார். அன்றிரவு அந்தத் தொழிலாளி அங்கேதான் படுக்க வேண்டும்.

"அப்படின்னா மத்தவங்களையும் இதே அளவு உட்கார வைப்போம், புவான்."

"என்ன கேட்பது?"

"எதையாவது."

அடுத்து வந்த பையனிடம் சமையல் யார் என்று கேட்டேன். நாங்கதான் என்றான். ரசம் எப்படி வைப்பீர்கள் என்றேன். "இதைக் கேக்கவா மேடம் இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றான். அதிகாரி முகம் மாறாமல் எழுதுவதுபோல் பாவனை செய்தார்.

சீக்கிரம் போனவர்களையும் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. கதவைத் திறந்ததும் சூப்பர்வைசர் எழுந்துவிட்டார்.

"பேசி முடிச்சவங்கள எதுக்குத் திரும்பக் கூப்புடுற?"

"சாப்பாட்டப் பத்திக் கேக்க மறந்துட்டேன் அண்ணே."

"படிச்ச பொண்ணு, இவ்ளோ மறதியா? உன்னையெல்லாம் எப்படித்தான் வேலைக்கு எடுத்தாங்களோ!"

வரிசையில் நின்ற சிலர் சிரித்தார்கள். காது சுட்டது. "ஆமாண்ணே, மறதிதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

நாங்கள் கிளம்பும்போது சூப்பர்வைசர் ஒருவனைத் தோளில் பிடித்து நிறுத்தினார். "உள்ள இவ்ளோ நேரம் என்னடா பேசுன?"

"ரசம் அண்ணே."

அடுத்தவனும் அதையே சொன்னான். அவர் எல்லா முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் உத்தரவோடு போனபோது, வேலைக்குப் போகிறவர்கள் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே நீல உடை, தலையுறை, முகக்கவசம். கண்களை வைத்துத்தான் தேடினேன். முதல் வரிசையில் அந்தத் தொழிலாளி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் அடுத்த வரிசையைத் தேடினேன்.

பின்வரிசையில் ஒருவர் முகக்கவசத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தார். நேற்று பேசியவர்தான். பிறகு எங்களை நோக்கி நடந்து வந்தார்.