கோடு போட்ட சட்டை

அல்லிநகரத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த அந்த மனிதர் நல்ல பருமன். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையில் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். வெள்ளையில் பழுப்புக் கோடு. எப்போது போனாலும் அதே சட்டைதான். வேலை தேடுகிறவர்களுக்கு ரெஸ்யூம் அடித்து, இணையத்தில் பதிந்து தருவார்.

விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று, சுருளிப்பட்டித் தோட்டத்திலிருந்து அப்படியே பஸ் ஏறிப் போயிருந்தேன். திராட்சைக்கு மருந்தடித்த நீலக்கறை என் சட்டை முழுக்க இருந்தது. எல்லாம் அடித்து முடித்தவர், போட்டோ எடுக்கும் நேரத்தில்தான் அதைக் கவனித்தார். தன் சட்டையைக் கழற்றி நீட்டினார்.

“வேணாம்ணே, ஒங்க சட்டையப் போயி...”

“ஏலே, மூஞ்சி ஒன்னோடதுதான? சட்டை யாருதா இருந்தா என்ன? போடு.”

தொளதொளத்த சட்டையை முதுகுப்பக்கம் இழுத்துப் பிடித்துப் பேப்பர் கிளிப் மாட்டினார்.

“இன்டர்வியூவுக்குன்னு தச்சதுடா இது.”

“போனீகளாண்ணே?”

“நேராப் பாரு,” என்றார், பனியனோடு கேமராவுக்குப் பின்னால் போய் நின்று.

எனக்கு வேலை கிடைத்தது. சில வருடங்கள் கழித்து, சென்னை அலுவலகத்தில் ஆள் எடுப்பதற்காக ரெஸ்யூம்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பண்ணைப்புரத்து இளைஞன் ஒருவனுடைய போட்டோ. அதே பழுப்புக் கோடு, நன்றாக வெளிறியிருந்தது. கிளிப் இழுத்த இழுப்பில் ஒரு தோள் மட்டும் சற்று ஏறியிருந்தது.

அவன் நேராகத்தான் பார்த்தான். நானோ, அவனுக்கு எதிரே பனியனோடு நிற்பவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.