ஜமீன்தாரின் இடப்பக்கம்

சிட்னி, சனிக்கிழமை, காலை 6.20. மெரிலேண்ட்ஸிலிருந்து விமான நிலையத்துக்கு என்னைக் காரில் அழைத்துப்போனவர் சிவகாமியின் கணவர், யாழ்ப்பாணத்துக்காரர். சிவகாமி என் கல்லூரித் தோழி. தென்காசிப் பக்கத்து ஜமீன் வம்சம். அவளுடைய பூட்டனாரான ஜமீன்தார் இரண்டு பெண்களோடு அமர்ந்திருக்கும், கல்லில் வரைந்து அச்சிட்ட கல்லச்சுப் படம் ஒன்று, அவளுக்கு அக்கா முறையாகும் சாரதாவிடம் மெல்பர்னில் இருக்கிறது. எண்ணெய் ஓவியத்தில் முறையாகத் தேர்ந்து, ஜமீன் குடும்பங்களை வரைந்துவந்த ஓவியர் ஒருவர் கல்லச்சுக்குப் புதிதாக வந்தபோது செய்தது. இப்படிப்பட்ட படங்கள் என்றால் எங்கே வேண்டுமானாலும் கிளம்பிவிடுவேன், பைத்தியம்தான்.

“சாரதாவின்ர மகனுக்கு வாற மாதம் கலியாணம். சிவகாமிக்குச் சொல்லேல்லை,” என்றார்.

“ஏன்?”

“இவவின்ர பூட்டி தாலி கட்டின மனுசி இல்லையாம். அந்தப் படத்தில ஜமீன்தாருக்கு வலப்பக்கம் இருக்கிறாவாம். இவ ராத்திரி முழுக்க அழுதவ. இந்தக் காலத்திலயும் பாருங்கோவன்!”

காலை 10.40. மெல்பர்ன் விமான நிலையத்திலிருந்து கிளேட்டனுக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர். டாக்சிக்கு 118 டாலர். சாரதா ஓய்வுபெற்ற பல் மருத்துவர். காபி கொடுத்துவிட்டு ஹாலுக்கு அழைத்துப்போனார்.

படத்தில் ஒரு பெண்தான் இருந்தாள். இன்னொருத்தியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார்கள். ஜமீன்தாரின் நாற்காலிக் கைப்பிடியில் வளையல் போட்ட கை மட்டும் மிச்சம்.

“யார் செஞ்சது?”

“நான்தான், ஃப்ரேம் போடறப்ப. எங்க குடும்பத்துல தாலி கட்டினவதான் இடப்பக்கம் உட்காரணும். எங்க பூட்டி அவருக்கு இடப்பக்கம் இருக்காங்க. வேற சாட்சி வேணுமா?”

வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். ஆனால் ஜமீன்தாரின் உடைவாள் வலது இடுப்பில் தொங்கியது. படத்தில் மிஞ்சிய அம்மாளின் முந்தானையும் வலது தோளில். மூலையில் ஏதோ கிறுக்கல்.

“இது என்ன எழுத்து?”

“உருதுன்னு அப்பா சொல்வாங்க.”

கைக்கண்ணாடி வாங்கி எதிரே பிடித்தேன். உருதுவாவது ஒன்றாவது! ஓவியரின் ஆங்கிலக் கையெழுத்து கண்ணாடியில் நேராகத் தெரிந்தது. வாளும் முந்தானையும் வழக்கமாக இருக்க வேண்டிய இடப்பக்கம் வந்தன. சாரதாவின் பூட்டி வலப்பக்கம் போய்விட்டாள்.

கல்லில் வரைந்து மை தடவித் தாளை அழுத்தி எடுக்கும்போது இடமும் வலமும் மாறிவிடும் என்றும், பழகியவர்கள் அதனால் கல்லிலேயே திருப்பி வரைவார்கள் என்றும் விளக்கினேன். கான்வாஸில் பழகிய இவர் கண்ணில் பட்டபடியே வரைந்திருக்கிறார். வெட்டப்பட்டவள்தான் இடப்பக்கம் இருந்தவள். சிவகாமிக்காக உள்ளுக்குள் துள்ளினேன், ஒத்துக்கொள்கிறேன்.

சாரதா கண்ணாடியை வாங்கி மூன்று தடவை பார்த்தார்.

“அப்போ வெட்ட வேண்டியது இவங்களைத்தானா?”

“ஐயோ, யாரையும் வெட்ட வேண்டாம். சிவகாமிக்கு ஒரு போன் பண்ணுங்க, போதும்.”

“எந்த முகத்தோட? அவளைக் கூப்பிட எனக்கு என்ன தகுதி இருக்கு? நாங்கதானே அந்தத் தாலி கட்டாத வகையறா.” படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

மாலை 5.15. விமானம் கிளம்பக் காத்திருக்கிறேன். சிவகாமியிடமிருந்து மூன்று அழைப்புகள், எடுக்கவில்லை. யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன என்று சாரதாவிடம் நான் கேட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, பக்கத்தைத் திருத்திக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.