நாற்பத்திரண்டு ரூபாய் வாடகை

கேம்ப் என்கிற பழைய கண்டோன்மென்ட் பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு மாதம் நாற்பத்திரண்டு ரூபாய் வாடகை. தொண்ணூறுகளின் நடுவில் சொல்கிறேன். அந்தப் பணத்துக்கு அப்போது ஒரு நல்ல வேட்டிகூட வராது. ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்த என் மாமனார் எந்தக் காலத்திலோ பேசி முடித்த தொகை அது. சட்டப்படி ஏற்றவும் முடியாது, லேசில் எங்களைக் காலி பண்ண வைக்கவும் முடியாது. மாமனார் போன பிறகு அவர் மகனும் நானும் ஹால், இரண்டு அறை, சமையலறை என்று வசதியாகவே இருந்தோம்.

வீட்டுக்காரம்மா மாடியில் ஒற்றை அறையில் மகனோடு இருந்தார். புருஷன் இல்லை. மராத்திக்காரர், காக்கு என்று கூப்பிடுவோம். சுவரில் காரை பெயர்ந்தால் அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் வராது. நாற்பத்திரண்டு ரூபாயில் யார் கொத்தனாரைக் கூப்பிடுவார்கள்? எங்கள் தெருவில் எந்த வீட்டுக்காரரும் புதிதாகக் குடி வைக்கவில்லை. அறை காலியானால் பூட்டு தொங்கும். புதிதாகக் கல்யாணமானவர்கள் கோந்த்வா, போசரி என்று ஊரின் ஓரங்களில் வீடு தேடி அலைவார்கள். அங்கே வாடகையைக் கேட்டால் தலை சுற்றும்.

நாங்களும் சும்மா இல்லை. மிச்சம் பிடித்ததோடு வங்கிக் கடனும் போட்டு கோந்த்வாவில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். வாங்கிப் பூட்டினோம். என் கணவரின் ஆபீசுக்கு மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்கள் வாடகைக்குக் கேட்டும் அவர் அசையவில்லை.

"இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்குவாங்க. உனக்குத் தெரியாது" என்றார்.

"எனக்கா தெரியாது? பதினெட்டு வருஷமா நானுந்தானே பிடுங்கிட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றேன்.

அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேச்சில் ஜெயித்தேனே தவிர, நானும் பயந்தவள்தான். வாராவாரம் பஸ் பிடித்துப் போய், ஆளில்லாத அந்த வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு வருவேன். பைத்தியக்காரத்தனம், வேறென்ன.

போசரியில் லேத் பட்டறையில் வேலை பார்த்த காக்குவின் மகனுக்குப் பெண் அமைந்தது. பெண் வீட்டார் மாடியறையைப் பார்த்தார்கள். இதில் மூன்று பேர் எப்படிப் படுப்பீர்கள், முதலில் ஓர் இடம் பாருங்கள், பிறகு தேதி குறிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். காக்கு இறங்கி வந்து, கீழே ஒரே ஓர் அறையை விட்டுக்கொடுக்கச் சொன்னார். என் கணவர் வக்கீலிடம் ஓடினார். ஒன்றை விட்டால் மற்றதும் கையை விட்டுப் போகும் என்றாராம் வக்கீல். நாங்கள் முடியாது என்றோம். காக்கு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்குத் தேவலை என்றிருக்கும்.

ஒரு வாரம் கழித்து, நான் தனியாக இருந்த நேரத்தில் மறுபடி வந்தார். காபி கொடுத்தேன். கோந்த்வா வீடு சும்மாதானே கிடக்கிறது, மகனுக்குக் கொடு, மற்றவர்கள் தருகிற வாடகையையே நாங்களும் தருகிறோம் என்று இந்தியில் கேட்டார். பதினோரு மாதத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்றும் அவரே சொன்னார். குடி வந்தவர் நிலைத்துவிடக் கூடாதென்று எல்லா வீட்டுக்காரர்களும் அப்படித்தான் எழுதி வாங்குவார்கள்.

நான் யோசிக்கக்கூட இல்லை. வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்.

"பதினோரு மாசம் முடிஞ்சும் உங்க பிள்ளை காலி பண்ணலேன்னா நாங்க என்ன பண்றது, காக்கு?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். நாங்கள் இருந்த ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"உன் மாமனார் வந்து வீடு கேட்டப்போ நாங்களும் இதைக் கேட்டிருக்கணும்."

அவர் எழுந்து மாடிப்படி ஏறிப் போனார். மகன் போசரியில் ஓர் அறை பிடித்துத்தான் கல்யாணம் செய்துகொண்டான். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டி, இடம் மாறிக்கொண்டே இருந்தான். கோந்த்வா வீட்டை நாங்கள் அதற்குப் பிறகும் யாருக்கும் கொடுக்கவில்லை.