பெரிய ஓட்டலின் ஒற்றைக் கதவு

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பட்டணத்துக் கட்டடம் ஒன்றைப் பற்றி எழுத உட்கார்ந்தது எனக்கே அதிகப்படியாகத் தெரிகிறது. அந்த ஓட்டலுக்குள் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சென்னையில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கிய ஓட்டல் அது. என் வீட்டுக்காரர் அங்கே வாசலில் நின்று, வருகிறவர்களுக்குக் குனிந்து வணக்கம் சொல்லிக் கதவைத் திறந்துவிடுவார். எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியிலிருந்து தாம்பரம் வரை பஸ், பிறகு ரயில். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலைதான்.

கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று ஆனதும், தங்கியிருந்தவர்கள் எல்லாம் போன பிறகு, என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். குதிரை வண்டி உள்ளே வந்து நிற்பதற்கென்று கட்டிய முகப்பில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு, சமையல்கட்டுச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். வேலையாட்களுக்கு அதுதான் வழி, கதவு திறக்கிறவருக்கும் அதேதான். உள்ளே போய்க் கதவைத் திறந்து ஓரமாக நின்றுகொண்டு, "வாங்க மேடம்" என்றார்.

"சும்மா இருங்க, யார்னா பாக்கப் போறாங்க" என்றேன்.

சுவரெல்லாம் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பாம். தொட்டால் குளிர்ந்தது. மாடிப்படி பாதியில் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் ஏறியது. கூரையில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். மின்சாரம் வராத காலத்தில் அவற்றில் துணி விசிறி கட்டி, வெளியே உட்கார்ந்து ஒரு ஆள் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பாராம். முதலில் அது யாரோ வியாபாரியின் மாளிகை. மேற்குப் பக்கத்தைப் பிறகு ஒட்டிக் கட்டியதில் தரை ஒரு படி இறங்கிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் அங்கே கட்டாயம் தடுமாறுவார்களாம். "படி கீது, பாத்து வா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இடிக்க வந்த காண்டிராக்டர், பழைய ஆட்கள் ஆளுக்கொரு சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்றாராம். மற்றவர்கள் கட்டில், பீரோ, நிலைக்கண்ணாடி என்று கொண்டுபோனார்கள். இவர் வாசலின் இரட்டைக் கதவில் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார்.

நாங்கள் அப்போதுதான் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு அதில் குடியிருந்தோம். முந்தின மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் வந்து பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி, பிழைக்குமா என்று ஆகிவிட்டது. இந்த மழைக்கு முன்னால் தலைக்கு மேல் ஓடு வந்துவிட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான்.

கதவை நிறுத்திப் பார்த்தோம். அகலம் சரியாக இருந்தது. உயரம், எங்கள் சுவரையும் தாண்டி அரை ஆள் நீட்டிக்கொண்டு நின்றது.

பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்தாள். "இன்னாடி, ஆனை நுழையற கதவா கீது. ஆனை எப்ப வர்து?"

"அதான் நீ வந்துட்டியேக்கா" என்றார் இவர். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவரே ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "அறுத்துடு ஆசாரி. மழைக்கு முன்ன வூடு முடியணும்."

ஆசாரி ரம்பத்தை வைத்துக்கொண்டு யோசித்தார். "எங்க அறுக்கறது? மேல அறுத்தா கலர் கண்ணாடி, பூ வேலை எல்லாம் போய்டும். கீழ அறுத்தா கைப்பிடி முட்டிக்கு வந்துடும். குனிஞ்சு சலாம் போட்டுட்டுதான் நீ உள்ள போவணும்."

"கீழயே அறு. குனியறது எனக்குப் பழக்கந்தானே."

மேஸ்திரியும் சித்தாளும்கூடச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, அறுக்கும்போது ஆடாமல் இருக்கக் கதவை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆண்கள் நடுவில் பேசிப் பழக்கமில்லாதவள் நான். "ஆசாரி, அறுக்காதீங்க" என்றேன். மேஸ்திரியிடம், "முன்பக்கச் சொவத்த ஒசத்திடுங்க" என்றேன்.

"ஒரு வாரம் தள்ளிப்போவும்மா. நடுவுல மழை புடிச்சா என்னைக் கேக்கக் கூடாது."

"கேக்கல."

"பிள்ள?" என்று என்னைப் பார்த்தார் இவர்.

"அக்கா வூட்டுல வெச்சிக்கறேன். நீங்க கதவ விடுங்க, கை வலிக்கப் போவுது."

அவர் உடனே விடவில்லை.

மறுநாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. மேஸ்திரி வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் கதவின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டு, மதியத்துக்கு மேல் வந்து சாப்பிட்டார்.